தண்ணீர் இல்லாத இடத்தில் காஸ்டிக்

எங்கள் பால் சங்கத்தில் காஸ்டிக் சோடா மூட்டையை மாட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நான் எத்தனை முறை சொல்லியும் நகரவில்லை. "அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்குது, உன்னைய என்ன பண்ணுது அம்மிணி?" என்பார் செக்ரட்டரி. ஒன்றும் பண்ணாதுதான். மூட்டைக்குள் கிடக்கும் வரைக்கும் யாரையும் ஒன்றும் பண்ணாது.

பார்த்தால் பயமே வராது. சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டது மாதிரி வெள்ளைச் செதில்கள். வாசனை கிடையாது. பினாயில்கூட மூக்கில் ஏறித் தன்னைத் தெரியப்படுத்தும். ஆசிட் பாட்டிலைத் திறந்தால் நெடி அடிக்கும். இது சத்தமில்லாமல் இருக்கும். மூட்டை வாயைக் கட்டாமல் விட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு நசநசவென்று ஆகிவிடும். தண்ணீரில் போட்டால் அடுப்பே இல்லாமல் சுடும். சோப்புக் கம்பெனிக்கும் காகித ஆலைக்கும் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளுக்கும் இது இல்லாமல் நடக்காது. அடைத்துப்போன சாக்கடையில் கொட்டுவதும் இதைத்தான்.

எங்களுக்கு இது கொழுப்பு எடுக்க. பால் நின்ற பாத்திரத்தில் வெறும் தண்ணீர் விட்டால் கொழுப்பு போகாது. காஸ்டிக் அந்தக் கொழுப்பைச் சோப்பாக்கிக் கழற்றிவிடும். அதே வேலையை மனிதத் தோலிலும் செய்யும். தோலிலும் கொழுப்பு இருக்கிறது. ஆசிட் பட்டால் சுரீரென்று எரியும், கையை உதறிக்கொண்டு ஓடுவோம். காஸ்டிக் பட்டால் முதலில் வழவழவென்று இருக்கும். சோப்புத் தண்ணீர் என்று நினைத்து வேலையைத் தொடர்வோம். அந்த வழவழப்பு நம் தோல் கரைகிற வழவழப்பு. இதைத் தெரியாத ஆட்கள்தான் இதைக் கையில் எடுக்கிறார்கள். தெரிந்த ஆட்கள் ஏசி அறையில் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறார்கள்.

நான் சங்கத்தில் பால் சோதனை செய்கிறவள். எல்லை ஓரக் கோவிந்தாபுரத்திலிருந்து கேரளத்துக்குள் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் படகும் தென்னையும் கண்ணில் வரும். எங்கள் ஊருக்குப் பங்குனியில் வந்து பார்க்கட்டும். நெல்லியாம்பதி மலை எதிரில் கருநீலமாக நிற்கும். மழை எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் போர்வெல்லில் காற்றுதான் வரும். பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வரும் நாளில் ஊரே குடத்தோடு ரோட்டில் நிற்கும். வராத நாளில் பஞ்சாயத்துக்கு ஃபோன் போட்டால் "வரும், வரும்" என்பார்கள். பால் மட்டும் தினமும் வரும். மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மிச்சத்தில் குளிக்கிற ஜனங்கள் நாங்கள்.

கேன் கழுவுகிற அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஊட்டுக்காரர் இல்லை. இரண்டு கறவை வைத்திருக்கிறாள். விடியும் முன் பால் கறந்துவிட்டு, டிவிஎஸ் மொபெட்டில் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு சங்கத்துக்கு வருவாள். வந்ததும் தன் பாலை வரிசையில் வைத்துவிட்டுக் கழுவுகிற வேலையைத் தொடங்குவாள். திரும்பும்போது அதே மொபெட்டில் அவளைவிட உயரமாகப் புல்கட்டு. எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் வண்டி ஓட்டுவது குறைவு. அவள் ஓட்டுகிற வேகத்துக்கு ஆண்களே ஒதுங்குவார்கள்.

"இன்னைக்கு எம்பட வண்டி எத்தன ஒதச்சாலும் கிளம்ப மாட்டேங்குது அம்மிணி" என்று ஒருநாள் சத்தமாகச் சொன்னாள். செக்ரட்டரி உள்ளே இருந்தார். "நம்ம செக்ரட்டரியாட்டவே இருக்குது. ஒதைக்கற காலுதான் வலிக்குது."

உள்ளிருந்து செருமல் சத்தம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் வேலை இரண்டு. கேன்களைச் சலவை சோடா போட்டுக் கழுவுவது ஒன்று. பெரிய குளிர்தொட்டியைக் காஸ்டிக் கரைசல் விட்டுக் கழுவுவது மற்றது. எல்லோருடைய பாலையும் ஒன்றாக ஊற்றிக் குளிரவைக்கிற எஃகுத் தொட்டி அது. டேங்கர் வந்து அதிலுள்ள பாலை இழுத்துக்கொண்டு போனபிறகு கழுவினால்தான் அடுத்த வேளைப் பாலை ஊற்ற முடியும். கழுவி முடியும் வரை ஜனங்கள் நிறைந்த கேன்களோடு வெளியே காத்திருக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் கெடும். அதனால் கழுவுகிறவள் தலையில் எல்லோரும் ஏறி உட்காருவார்கள்.

காஸ்டிக்கைக் கரைக்க ஒரே ஒரு முறைதான் உண்டு. முதலில் பீப்பாயில் வேண்டிய தண்ணீரை முழுக்கப் பிடிக்க வேண்டும். சூடில்லாத தண்ணீர். அதில் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். செதிலின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊற்றினால் அந்த இடத்தில் மட்டும் சூடு குப்பென்று ஏறி, கொதித்துத் தெறிக்கும். இது அக்காவுக்குத் தெரியும். டெய்ரி நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போய் வந்து நான்தான் சொன்னேன். அவளும் வருடக்கணக்காக அப்படித்தான் செய்தாள். குழாயில் தண்ணீர் வந்த காலம் வரைக்கும்.

அந்தக் கோடையில் நடந்தது இதுதான். ஒருநாள் எங்கள் பால் டேங்கரோடு திரும்பி வந்தது. பெரிய டெய்ரியில் சோதித்ததில் சோடா இருக்கிறதாம். சோடாவைக் கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்சம் பால், அதே அளவு ஸ்பிரிட், இரண்டு சொட்டு மருந்து. நல்ல பால் என்றால் பழுப்பாக நிற்கும். சோடா கலந்திருந்தால் ரோஜா நிறம் வரும். புளிக்கப் போகும் பாலை மறைக்கச் சில வியாபாரிகள் சோடா கலப்பார்கள், அதற்கான சோதனை இது. எங்களவர்கள் யாரும் கலக்கவில்லை. கேன்களை இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டியதை ஒரு தண்ணீரில் அலசினோம். தண்ணீர் இல்லை. கேன் சுவரில் நின்ற சோடா பாலில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

தலைவருக்கும் கமிட்டிக்கும் அது ஊர் மானப் பிரச்சினையாகிவிட்டது. "எல்லை தாண்டி வர்ற பாலத்தான் கள்ளப் பாலுன்னு டெஸ்ட் பண்ணுவாங்க. இப்ப நம்ம பாலையும் அந்தக் கணக்குல சேத்துப்புட்டீங்க" என்று தலைவர் குதித்தார். தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று ஒருவரும் குதிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துத் திட்டினார்கள்.

"இனிமே சோடா வாடையே இருக்கப்படாது. அலசறதுக்குத் தண்ணி ஒதுக்கி வெச்சுக்கோ. அதுக்குன்னு தண்ணித் தொட்டியக் காலி பண்ணிப் போடாதே" என்றார் செக்ரட்டரி.

"தண்ணியும் செலவாகப்படாது, சோடாவும் போகோணும்" என்றாள் அக்கா. "அப்ப எச்சி துப்பித்தான் கழுவோணுமுங்க."

"வாய் மட்டும் கொறைச்சலில்லை."

வாய் குறைச்சல் இல்லாதவள்தான். ஆனால் சொன்ன வேலையைச் செய்கிறவள். அலசத் தண்ணீர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றதும், எங்கே குறைப்பது என்று யோசித்தாள். கரைக்கிற தண்ணீரில் குறைத்தாள். பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடிப்பதற்குப் பதில், ஒரு வாளியில் செதில்களைப் போட்டு, மேலே வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளத் தொடங்கினாள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஊறவைப்பது மாதிரி. தண்ணீர் அருமையான ஊரில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வோம். மாவு பிசைவது, சிமெண்ட் குழைப்பது, சுண்ணாம்பு கரைப்பது எல்லாம் பொருளைப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து விடுவதுதான். அவள் எந்த மடத்தனமும் செய்யவில்லை. எங்கள் ஊர்க்காரி செய்வதைச் செய்தாள். அவள் முறையை மாற்றியது எனக்குத் தெரியாது. கழுவுமிடம் கட்டடத்தின் பின்பக்கம். நான் முன்பக்கத்தில் வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

அன்று டேங்கர் தாமதமாக வந்து போனது. வெளியே வரிசை ரோடு வரைக்கும் நின்றது. "எத்தன நேரமுங்க? பாலு தயிராகட்டுமா?" என்று ஆளாளுக்குக் கத்தல். அக்கா அவசரத்தில் வாளியில் செதிலைக் கொட்டி, கேன் கழுவத் தண்ணீர் காய்ச்சும் கொதிகலனில் மிச்சமிருந்த சுடுதண்ணீரைப் பிடித்து மேலே ஊற்றியிருக்கிறாள். சூடான தண்ணீர், அதுவும் செதிலின் மேல்.

எனக்குக் கேட்டது வாளி உருண்ட சத்தம். பிறகு அவள் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "கண்ணு போச்சு அம்மிணி, கண்ணு போச்சு."

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் சொன்னது ஒன்றே ஒன்று: ஓடுகிற தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்து விடாமல் கழுவ வேண்டும். நிறுத்தவே கூடாது. ஆசிட்டாவது மேலே எரித்துவிட்டு நிற்கும். காஸ்டிக் மாதிரிக் காரம் உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு நொடியும் கண்ணுதான். குழாயைத் திறந்தேன். சீறியது. அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியில் ஒன்றும் இல்லை. அலசுவதற்கு என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த குடங்களில் ஒன்று வாளி உருண்டபோது கவிழ்ந்திருந்தது. மற்றதை அவள் தலையில் கவிழ்த்தேன். குடிப்பதற்கு வைத்திருந்த கேன் தண்ணீரைக் கவிழ்த்தேன். வரிசையில் நின்ற பெண்கள் பாட்டில்களில் இருந்ததை எல்லாம் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. அவள் இமைகளை நான் இரண்டு விரலால் பிரித்துப் பிடித்திருந்தேன். என் விரல்களும் வழவழத்தன.

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உடுங்க. காரத்துக்குப் புளிப்புதானே மாத்து?" என்றாள் ஒருத்தி.

"பிழிஞ்சேன்னா கைய ஒடச்சுப்போடுவேன்" என்றேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். காரமும் புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சூடு கிளம்பும், அதுவும் கண்ணுக்குள்ளே. வெந்த கண்ணை மறுபடி வேகவைக்கிற வைத்தியம் அது.

"வெளக்கெண்ண வெச்சாக் குளுகுளுன்னு இருக்கும்" என்றது இன்னொரு குரல்.

செக்ரட்டரி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். "பஞ்சாயத்துக்குப் போட்டிருக்கேன். லாரி கொல்லங்கோடு தாண்டிருச்சாம்."

"உங்க கண்ணா இருந்தா லாரிக்குக் காத்திருப்பீங்களா?" என்று கத்தினேன்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். ரோடு வரைக்கும் கேன்கள். எல்லாம் நிறைந்த கேன்கள். அத்தனையும் பால்.

எருமை வைத்திருக்கும் ஒருவர் அன்று வரிசையில் முதலில் நின்றார். எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. பாலில் தண்ணீர் ஊற்றுவார். நான் கருவியை மிதக்கவிட்டு டிகிரி சொன்னால், "உம்பட கருவிக்குத் தாகம் எடுத்திருக்கும்" என்பார். நான் கேனைப் பார்ப்பதைப் பார்த்தவர், தன் கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மிணி, வருசக்கணக்கா எம்பட பாலு தண்ணி தண்ணின்னு சொன்னயில்ல? இன்னைக்கு அது தண்ணியாவே இருக்கட்டும். ஊத்து!"

அவர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். நான் இமையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண் அக்காவின் தலையை மடியில் சாய்த்துப் பிடித்தாள். பால் கண்ணில் விழுந்து, கன்னம் வழியாக, கழுத்து வழியாகத் தரையில் ஓடியது.

"பச்சப் பாலு! சீழ் புடிச்சுக்கும்!" என்றார் செக்ரட்டரி. "யாரு பதில் சொல்றது?"

"நீங்க சொல்லுங்க" என்றார் எருமைக்காரர், ஊற்றுவதை நிறுத்தாமல். "அடுத்த கேனு யாருதுப்பா? எடுத்துட்டு வா."

வந்தது. அடுத்ததும் வந்தது. அது வரைக்கும் என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்த அதே ஜனங்கள்தான். ஒருவர்கூடத் தன் கேனைப் பின்னால் இழுக்கவில்லை. தண்ணீர் இருந்திருந்தால் அதுதான் சரி, பால் அல்ல. ஆனால் தண்ணீர் இல்லை. புளிப்பில்லாமல் வாயில் ஊற்றிக் குடிக்கக்கூடிய எதுவானாலும், கண்ணில் காரம் கிடப்பதைவிட மேல். அதை அன்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு வழி இல்லாததால் செய்தோம்.

தீவனம் இறக்க வந்த பிக்கப் வண்டியில் அவளைப் படுக்கவைத்து, கேன்களையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கு ஓடினோம். வழி முழுக்கச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினேன். பாதி வழியில் அக்கா முனகினாள். "சாமிக்கே இத்தன பாலு ஊத்தறதில்ல. போதும் உடு அம்மிணி."

"பேசாம படு. கண்ணத் தொற."

"தொறந்துதான் இருக்குது. ஒண்ணும் தெரியலையே."

நான் அடுத்த சொம்பை மொண்டு ஊற்றினேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். வெயிலில் பால் புளிக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஒரு பெண். என்ன பட்டது என்று கேட்டார். காஸ்டிக் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீரைத் தொங்கவிட்டுக் கழுவினார். பிறகு ஒரு சின்னக் காகிதத் துண்டை எடுத்துக் கீழ் இமைக்குள் தொட்டுப் பார்த்தார். அந்தக் காகிதத்தை எனக்குத் தெரியும். பாலைச் சோதிக்க நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். கருநீலமாக மாறியது. காரம் இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி கழுவினார், மறுபடி தொட்டார். இடது கண்ணில் காகிதம் பச்சைக்கு வந்துவிட்டது, காரம் போய்விட்டது. வலது கண்ணில் நீலம் போகவே மாட்டேன் என்றது. இமையைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே ஒரு செதில் ஒட்டியிருந்தது. கரையாத ஒரே ஒரு செதில். பஞ்சால் எடுத்துப்போட்டார். பால், மருந்து எல்லாம் மேலே ஓடிக்கொண்டிருக்க, அது அத்தனை நேரமும் இமைக்கு அடியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்திருக்கிறது.

"பால் ஊத்துனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தண்ணி இல்லீங்க."

"தண்ணியே இல்லாத இடத்துல காஸ்டிக் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வியை நான் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

அங்கிருந்து கோயம்புத்தூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடது கண் பிழைத்தது. கழுவியதால் பிழைத்தது என்று அங்கேயும் சொன்னார்கள். வலது கண் வெளுத்துவிட்டது. வெயிலும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. பின்னால் யாராவது கண் தானம் கொடுத்தால் பார்க்கலாம், ஆனால் காரத்தில் வெந்த கண்ணில் அது ஒட்டுவது கஷ்டம் என்றார்கள். கஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவே கேட்டாள். அவர்களும் மறைக்காமல் சொன்னார்கள்.

ஊரில் கமிட்டி கூடியது. எங்கள் பக்கத்தில் அலுவலகப் பேச்சில் விபத்துக்கு மலையாளத்தில் அபகடம் என்றுதான் சொல்வோம். தலைவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"இது அபகடமுங்க. யாரு என்ன பண்ண முடியும்? எல்லாச் சங்கத்துலயும் காஸ்டிக் இருக்குது. பாத்து எடுக்கோணும். அந்தப் புள்ள பாத்து எடுக்கலே. கண்ணாடி போட்டுக்கலே, கையுறை போட்டுக்கலே."

கண்ணாடியும் கையுறையும் எங்கே இருந்தன என்று அவருக்குத் தெரியும். ஆபீஸ் பீரோவில். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் எடுத்து மேசையில் வைப்பார்கள், போனதும் உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். நான் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து அந்த உறையை அப்படியே கொண்டுவந்து அவர் முன்னால் போட்டேன்.

"இதப் போட்டிருந்தா கண்ணு போயிருக்காது. பீரோவுக்குப் போட்டு வெச்சிருக்கறீங்க. பீரோவுக்கு என்ன கண்ணா இருக்குது?"

"மரியாதையாப் பேசு அம்மிணி. அவ சங்கத்துப் பணிக்காரியே இல்ல. தினக்கூலி. மனிதாபிமானத்துல எதாச்சும் பாக்கலாம்."

மனிதாபிமானம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருடக்கணக்காக உங்கள் தொட்டியை அவள் கழுவினாளே, அப்போதெல்லாம் அவள் சங்கத்து ஆள். கண் போனதும் தினக்கூலி. பால் ரோஜா நிறம் காட்டியபோது யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லைக் கடைகளில் ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள், மூடி மட்டும் வேறு நிறம். தோட்டத்துப் பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவிச் சந்தையில் தண்ணீர்க் கேனாக விற்கிறார்கள். கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: பார்த்து நடந்துக்கணும். பார்க்க வேண்டியது எப்போதும் கடைசியில் நிற்கிற ஆள்தான்.

அன்று நான் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எருமைக்காரர் போகவில்லை. அவர் கமிட்டியில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க தலைவரே, எம்பட பால்ல ஒரு சொம்பு தண்ணி சேந்தாக் கண்டுபுடிச்சுப் போடறீங்க. உங்க தொட்டில ஒரு சொட்டு இல்லாததக் கண்டுபுடிக்க உங்ககிட்டக் கருவி இல்லீங்களா?"

தலைவருக்கு முகம் சிவந்தது. அந்த ஒரு பேச்சுதான் ஊரில் சுற்றியது. டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், தலைவர் போகும் இடத்தில் எல்லாம். என் சத்தத்துக்கு மசியாதவர் அந்தக் கிண்டலுக்கு மசிந்தார். கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கறுப்புத் தொட்டி வந்தது. அதில் ஒரு குழாய். கண்ணில், மேலில் பட்டால் கழுவுவதற்கு மட்டும். அதைத் தொடக்கூடாது, எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று முடிவு. பீரோவிலிருந்த கண்ணாடி ஆணியில் தொங்கியது. காஸ்டிக் மூட்டையை மட்டும் நகர்த்தவில்லை. அதையும் நகர்த்திவிட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமோ என்னவோ.

அக்கா திரும்பி வந்தாள். வராமல் என்ன செய்வாள்? இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு ஒரு கண்ணோடு வேறு எங்கே வேலைக்குப் போவாள்? நஷ்டஈட்டுக்கு அபேட்சை, அதாவது மனு, கொடுத்திருக்கிறோம், அது ஆபீஸ் ஆபீஸாகப் போய்க்கொண்டிருக்கிறது. மொபெட்டை விட்டுவிட்டாள். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. எதிரில் வரும் வண்டி பக்கத்தில் வருகிறதா, தள்ளி வருகிறதா என்று தெரியாமல் ஒருமுறை வாய்க்காலில் இறக்கிவிட்டாள். இப்போது கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். டீயை டம்ளரில் ஊற்றினால் பாதி வெளியே போகும். முதல் நாள் அதைப் பார்த்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். "டம்ளர் நவுந்துருச்சு, நான் என்ன பண்றது?" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காஸ்டிக் கரைக்கும் வேலையை இப்போது நானே செய்கிறேன். யார் சொல்லியும் அல்ல. தண்ணீர் முழுக்கப் பிடித்தபிறகுதான் மூட்டை வாயைத் திறப்பேன். தண்ணீர் இல்லாத நாளில் திறக்க மாட்டேன். தொட்டி கழுவாமல் கிடக்கட்டும், வரிசை ரோட்டில் நிற்கட்டும், பால் கெட்டால் கெடட்டும். கத்துகிறவர்கள் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் போய்க் கத்தட்டும். ஒருமுறை அப்படிப் போகவும் செய்தார்கள். லாரி அன்றைக்கே வந்தது.

போன கோடையில் மறுபடி வறட்சி. ஒருநாள் காலையில் போனால், கறுப்புத் தொட்டியின் குழாயில் பூட்டு தொங்குகிறது. பெண்கள் கால் கழுவுகிறார்களாம், ஆட்கள் வாய் கொப்பளிக்கிறார்களாம். அதனால் செக்ரட்டரி பூட்டிவிட்டார். சாவி அவர் வீட்டில். அவர் வருவது ஒன்பது மணிக்கு மேல். நாங்கள் காஸ்டிக் எடுப்பது ஆறு மணிக்கு. ஒரு பெண்ணின் கண்ணைக் கொடுத்து வாங்கிய குழாய் அது.

கருங்கல் ஒன்றை எடுத்துவந்து அடித்தேன். பூட்டு உடைந்தது. கொண்டியும் வளைந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்கு வந்த செக்ரட்டரி குழாய் பக்கத்தில் நின்று, "யாரு இதப் பண்ணுனது? சங்கத்துச் சொத்து இது! போலீஸ்ல சொல்லிப்போடுவேன்" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேனைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"நாந்தானுங்க."

"நீயா?"

"நானேதானுங்க. கல்ல எடுத்து அக்கட்டால போடலாமுன்னு வீசுனேன். பூட்டு மேல பட்டுருச்சு. எனக்குத்தான் தூரம் தெரியறதில்லையே. டாக்டரே எழுதிக் குடுத்திருக்கறாருங்க. போலீஸ்ல அதையும் சேத்துச் சொல்லிருங்க."

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. செக்ரட்டரி அவள் முகத்தைப் பார்க்க முயன்றார். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உடைந்த பூட்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள். முதலில் கை குழாய்க்கு இந்தப் பக்கம் போயிற்று. பிறகு சரியான இடத்துக்கு வந்தது. தண்ணீர் விழுந்தது. மூடிவிட்டு, "போய் மூட்டையத் தொற அம்மிணி" என்றாள்.